தேள் கொடுக்கும் பறவையும்

சின்ன வயசுல பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் வாசித்து வளர்ந்தவன் நான். அவற்றில் நல்லவன் பேசினாலும் கெட்டவன் பேசினாலும் பேச்சுக் குமிழ் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2011ல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணம்’ அப்படியில்லை. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைப் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்திருக்கிறார்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்பான பேச்சுக்குப் பறவை வடிவம். சாதி கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. பள்ளிக்கூடத்துல தண்ணி மறுக்கப்பட்ட பத்து வயசு பீமின் தாகத்தில் கதை தொடங்குகிறது. டீக்கடையில் ‘தள்ளி நில்லுடா’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கொடுக்கு வெறும் உவமையல்ல, கடுப்பு.

குறையும் உண்டு. இட ஒதுக்கீடு பற்றி பஸ் ஸ்டாப்பில் நடக்கிற வாக்குவாதம்தான் புத்தகத்தின் வாசல். ‘இப்ப எங்கய்யா சாதி இருக்கு?’ என்று கேட்கிறவர்களுக்கான பாடம் அது. நம்ம பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் எதற்கு? தாகம் அவர்களுக்குத் தெரியும். அவர்களை முதல் வாசகராக வைத்து வரைகிற கைதான் இனி நமக்கு வேண்டும்.