ஓரிக்குப் பிறகு மலையில் யார் இருந்தார்கள்?

ஊர் வரலாற்று நூல்களை வாங்கிச் சேர்ப்பது எனக்குப் பழைய வியாதி. மாவட்டப் புத்தகக் கண்காட்சிகளில் கடைசி வரிசை மேசைகளில் அவை கிடைக்கும். எழுதியவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருப்பார், அச்சுக்கூலியும் அவர் கைக்காசாகவே இருக்கும். அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பத்து நூல் படித்தவருக்குப் பதினோராவது நூலைத் திறக்காமலே அதன் அமைப்பு தெரிந்துவிடும். முதலில் பெயர்க்காரணம், அடுத்து சங்கப் பாட்டு, அப்புறம் கோயிலும் தலபுராணமும். வெள்ளைக்காரன் காலத்துக்கு ஒரு கெஜட்டியர் மேற்கோள். பிறகு ஊர்களின் பட்டியல், கடைசியில் 'ஊருக்குப் பெருமை சேர்த்தவர்கள்'. உலகம் முழுக்க இதே அச்சுதான் போலிருக்கிறது. பிலிப்பைன்ஸின் ஏதாவது ஒரு மாகாணத்தைப் பற்றிய அறிமுகத்தை எடுங்கள். ஸ்பானியர் வந்த கதை, நகரங்களின் பட்டியல், பிரமுகர்களின் பட்டியல் என்றே போகும்.

கொல்லிமலை பற்றி எழுதப்படுபவை இந்த அச்சில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகின்றன. கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, அறப்பளீசுவரர் கோயில், ஆகாயகங்கை அருவி, 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவுதான், முடிந்தது வரலாறு. ஓரிக்கும் கெஜட்டியருக்கும் நடுவே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. அந்த இடைவெளியில் மலையில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. இந்தக் குறை ஆதாரங்கள் இல்லாததால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. இருக்கும் ஆதாரங்களை நாம் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

கொல்லிமலை ஒரே ஊர் அல்ல. அது 14 நாடுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் பைல் நாடும் ஒன்று. சமவெளியில் 'நாடு' என்பது சோழர் கல்வெட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும் சொல். எ. சுப்பராயலு போன்றவர்கள் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைபடத்தில் மீட்டெடுக்க வேண்டியிருந்த அலகு அது. மலையிலோ அது இன்றும் ஊராட்சியின் பெயர்ப்பலகையில் இருக்கிறது, பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்ற பொறுப்புகளில் இருக்கிறது, கோயில் முறையில் இருக்கிறது. தமிழக வரலாற்றின் ஆகப்பெரிய சொற்களில் ஒன்று உயிரோடு புழங்கும் இடம் என்று சொல்லலாம். ஆனால் கொல்லிமலை நூல்களில் இந்த 14 பெயர்களுக்கும் சேர்த்து ஒரு பத்திதான் கிடைக்கும். பைல் நாடு அந்தப் பத்தியில் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் வந்துபோகும்.

பைல் நாட்டில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஓரியைப் பற்றி அங்கே ஏதாவது கதை உண்டா என்று கேட்டேன். "ஓரி ராசாவுங்களா? செம்மேட்டுல செல இருக்குதுங்க, ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் போவோம்" என்றார். கொஞ்சநேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "இந்தக் காட்ட மொதல்ல ஒடச்சது யாருன்னு கேளுங்க, அது சொல்றேன்." சொன்னார். எந்த ஓடையிலிருந்து எந்த வயலுக்கு வாய்க்கால் வெட்டினார்கள், அதில் எந்த வகையறாவுக்கு முதல் தண்ணீர், எந்த வரப்பில் ஏன் கத்தி வைக்கக் கூடாது. அவர் மனசில் வரலாறு என்றால் அதுதான். நம் நூல்களில் அதற்கு அத்தியாயம் கிடையாது.

மலைமக்களின் வரலாற்றை எழுதுவதில் உள்ள இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்தவர் வில்லியம் ஹென்றி ஸ்காட். அமெரிக்காவில் பிறந்து, பிலிப்பைன்ஸின் வடக்கு மலைப்பகுதியான சகாடாவில் ஆசிரியராகப் பல காலம் இருந்தவர். அந்த மலைகளின் இகோரோத் மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு முழுமையாக அடங்கியதே இல்லை. அதனால் ஸ்பானிய ஆவணங்களில் அவர்கள் காட்டுமிராண்டிகளாக வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். 1974-ல் இகோரோத் வரலாற்றை எழுதிய ஸ்காட், 1982-ல் வந்த கட்டுரைத் தொகுப்புக்கு 'தோல்சுவடித் திரையில் கீறல்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அவர் சொன்னது எளிமையான விஷயம். ஆள்வோரின் ஆவணம் மக்களை மறைக்கும் திரைதான். ஆனால் எழுதியவன் வேறு எதையோ சொல்லப்போகும் அவசரத்தில் அந்தத் திரை அங்கங்கே கீறிவிடும். அந்தக் கீறல் வழியே பார்க்க வேண்டும்.

நம்மிடம் இருப்பது ஓலைத் திரை. அதிலும் கீறல்கள் இருக்கின்றன.

முதலில் சங்கப் பாட்டு. ஓரியைப் பற்றிப் பேசுபவர்கள் எடுப்பது புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை துளைத்த வேட்டுவனை வன்பரணர் பாடுகிறார். 204-ஆம் பாட்டில் கழைதின் யானையார் ஈதலையும் இரத்தலையும் எடைபோடுகிறார். இரண்டும் புலவனுக்கும் புரவலனுக்கும் நடுவில் நடப்பவை. மூன்றாவதாக மலையில் யாரும் இல்லை, அல்லது இருந்தும் பேசவில்லை. திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209. அதிலும் மலை ஒரு பொருளைப் போலக் கைமாறுகிறது.

ஆனால் நற்றிணை 320-ஐப் படியுங்கள். கபிலர் பாடியது, மருதத்திணை. ஒரு பரத்தை தெருவில் நடந்து போகிறாள், ஊரே இரைகிறது. அந்த இரைச்சலுக்குக் கபிலர் ஓர் உவமை தேடுகிறார். ஓரியைக் கொன்றபின் காரி அவன் ஊர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த இரைச்சல் போல என்கிறார். ஓரியின் மக்கள் வாய்திறந்து சத்தம் எழுப்பும் இடம், நான் பார்த்தவரை, இதுதான். அதுவும் வேறு எவளுக்கோ உவமையாக. மன்னன் செத்த நாளில் அந்தத் தெருவில் நின்றவர்கள் அழுதார்களா, ஏசினார்களா, ஓடினார்களா தெரியாது. ஆனால் தெரு இருந்தது, அதில் ஆட்கள் இருந்தார்கள். ஓரி வரலாறு என்று எழுதுபவர்கள் வில்லை எடுத்துக்கொண்டு இந்தத் தெருவை விட்டுவிடுகிறார்கள்.

கொல்லிப்பாவையின் கதையும் இப்படித்தான். நற்றிணை 201-ல் பரணர், காற்றடித்தாலும் மழை பெய்தாலும் நிலம் அதிர்ந்தாலும் உருக்குலையாத பாவை என்கிறார். அற்புதமான பாட்டு. நவீன காலத்தில் ராஜமார்த்தாண்டன் நடத்திய சிற்றிதழுக்கும் அந்தப் பெயர்தான். சமவெளித் தமிழ் மனம் கொல்லியிலிருந்து எடுத்துக்கொண்டது உருக்குலையாத ஓர் அழகை. அங்கே மழையில் கரையும் வரப்பை மறுபடி மறுபடி கட்டுபவர்களை அது எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து கோயில். பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் எழுதிய அறப்பளீசுர சதகம் ஒவ்வொரு பாட்டையும் இந்த மலைத் தெய்வத்தை விளித்தே முடிக்கிறது. உள்ளே இருப்பதோ நன்மக்கள் இலக்கணம், நல்லாசிரியர் இலக்கணம் என்று சமவெளிக் குடும்பத்துக்கான ஒழுக்கநெறிகள். மலை அங்கே முகவரி மட்டும். சதகத்தை விட்டுவிட்டுக் கோயிலில் வாய்மொழியாகச் சொல்லப்படும் கதைக்கு வாருங்கள். நிலத்தை உழும்போது ஏர்முனை பட்டு ரத்தம் கசிந்தது, தோண்டிப் பார்த்தால் லிங்கம், அந்தத் தழும்பு இன்னும் அதன் தலையில் இருக்கிறது. தமிழகத்தில் பல கோயில்களுக்கு இப்படிக் கதை உண்டு என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு அதில் உறுத்துவது, இத்தனை பெரிய தெய்வத்தைக் கண்டெடுத்தவன் ராஜாவோ முனிவரோ அல்ல, பெயரில்லாத ஓர் உழவன் என்பது. காட்டை உடைத்தவனின் கைவேலை தெய்வத்தின் தலையிலேயே இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டில் தழும்பு உண்டு, உழவன் இல்லை.

மூன்றாவது, எட்கர் தர்ஸ்டன். 1909-ல் வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளில் 'மலையாளி' என்ற பதிவு இருக்கிறது. கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான், சுமார் 3.58 லட்சம் பேர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்ற கதையைத் தர்ஸ்டன் பதிவுசெய்கிறார். நம் நூலாசிரியர்கள் இதை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒரு தரப்பு 'அப்படியானால் இவர்கள் வந்தேறிகள், பழங்குடியே இல்லை' என்கிறது. இன்னொரு தரப்பு 'அதெல்லாம் கட்டுக்கதை' என்கிறது. கதையின் பாதியை இரண்டு பேருமே படிப்பதில்லை. வந்த ஆண்கள் வேறு குலங்களில் பெண் கட்டினார்கள், அவர்களில் ஒருத்தி வேடர் குலப் பெண் என்று அதன் சில வடிவங்கள் சொல்கின்றன. அப்படியானால் இன்று இருப்பவர்கள் அந்தப் பெண்ணின் பிள்ளைகளும்தானே? தகப்பன் வழியை மட்டும் எண்ணினால்தான் இவர்கள் வந்தவர்கள் ஆவார்கள். 152-ஆம் பாட்டின் வேட்டுவனையும் இந்த வேடர் பெண்ணையும் உடனே முடிச்சுப் போடும் ஆசை எனக்கும் வருகிறது. அதைச் செய்யக் கூடாது. இத்தனை நூற்றாண்டு இடைவெளியை ஒரு சொல்லை வைத்து நிரப்ப முடியாது.

கடைசியாக, 'பெருமை சேர்த்தவர்கள்' பட்டியல். கொல்லிமலைக்கு அதில் ஓரிக்குப் பிறகு வருபவர்கள் பிராண்ட் குடும்பம். மலையில் மருத்துவமும் கல்வியும் தந்த மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். அவர் மனைவி ஈவ்லின் முதிய வயதிலும் மலைகளை விடவில்லை, 1974-ல் காலமானார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்ட உலகப் புகழ்பெற்ற மருத்துவர். பட்டியலில் இருக்கத் தகுதியானவர்கள்தான், மறுப்பில்லை. ஆனால் பால் பிராண்ட் எழுதிய 'ஒரு கைப்பிடிச் சேறு' என்ற பொருளுள்ள கட்டுரையை அந்தப் பட்டியல் போடுபவர்கள் படித்திருந்தால் இன்னொருவரையும் சேர்த்திருப்பார்கள். சிறுவர்கள் மலையின் படிவயலில் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். வரப்பு மிதிபட்டுச் சேற்றுத் தண்ணீர் கீழே ஓடுகிறது. வாய்க்காலும் வரப்பும் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்து அந்தச் சேற்றைக் கையில் அள்ளிக் காட்டுகிறார். இது எங்கள் பாட்டன் காலத்திலிருந்து சோறு போட்ட மண், கீழே போனால் திரும்பி மேலே வராது என்ற பொருளில் பேசுகிறார். மண் அரிப்பைப் பற்றி உலகுக்குப் பேசிய ஒரு மருத்துவர், அந்தப் பாடத்தைக் கற்ற இடமாகக் காட்டுவது கொல்லிமலையின் ஒரு வரப்பை. கட்டுரையில் அந்தக் கிழவரின் பெயர் 'தாத்தா'. பிள்ளைகள் கூப்பிட்ட உறவுமுறை அது, பெயரில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். ஓரியின் பெயரைச் சொல்லும்போது ஒரு மலைப் பிள்ளைக்குக் கீழ்நாட்டுப் பள்ளியில் தலை நிமிர்கிறதே, அதைப் பிடுங்கப் பார்க்கிறீர்களா? இல்லை. ஆடி 17, 18-ல் செம்மேட்டில் கூடும் கூட்டம் ஓரியைத் தன்னுடையவனாக ஆக்கிக்கொண்டுவிட்டது. அது அவர்கள் உரிமை. நான் குறைசொல்வது ஓரியோடு நின்றுவிடும் எழுத்தை. ராஜாவும் அருவியும் மட்டும் வரலாறு என்றால், மீதி மலை காலி இடம் என்றாகிவிடும். காலி இடத்தை யாரும் விலை பேசலாம்.

இது வெறும் இலக்கியக் கவலை இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள் நிலத்தில் உரிமை கோருபவர் காட்டக்கூடிய சான்றுகளில் சமன்படுத்திய நிலத்தையும் வரப்பையும் தடுப்பணையையும் சேர்க்கின்றன. ஊர் மூத்தோரின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் அதுவும் சான்று. அதாவது 'இந்தக் காட்டை முதலில் உடைத்தது யார்' என்ற பேச்சுக்கு அரசாங்கமே ஆவண மதிப்புத் தந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள்தான் இன்னும் தரவில்லை.

விதைகளும் இப்படித்தான். மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையேறியபின் சிறுதானியக் காடுகள் சுருங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பாதுகாக்க முனைந்த ரகங்களின் பெயர்களைப் பாருங்கள்: மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, மூக்கன்தினை. யார் பொறுக்கினார்கள், எந்த மண்ணுக்கு எது என்று எத்தனை தலைமுறை பார்த்திருப்பார்கள்? இவை வேளாண்மைத் துறையின் அட்டவணையில் இருக்கின்றன. கொல்லிமலை வரலாற்றில் இருக்க வேண்டியவை.

அடுத்து பைல் நாட்டைப் பற்றி எழுத உட்காருபவர் பெயர்க்காரணத்தில் தொடங்க வேண்டாம். ஒரு வாய்க்காலில் தொடங்கட்டும். அது எங்கே பிறந்து எத்தனை வயல் பாய்கிறது, யார் வெட்டினார்கள், முறை எப்படி, சண்டை வந்தால் யார் தீர்த்தார்கள், அந்த வயலில் முன்பு என்ன விளைந்தது, இப்போது என்ன விளைகிறது என்று கேட்டு எழுதட்டும். பெண்களிடமும் கேட்கட்டும். அவர்களிடம் விதையின் கதை வேறு மாதிரி இருக்கும். சொன்னவர் அனுமதித்தால் அவர் பெயரையும் போடட்டும், வெறும் 'தாத்தா' என்று விட்டுவிடாமல். ஓரி மூன்றாம் அத்தியாயத்தில் வரலாம். அவர் நெடுங்காலம் காத்திருந்தவர், அவருக்கு அவசரமில்லை. வாய்க்கால் கதை தெரிந்தவர்களுக்குத்தான் வயதாகிக்கொண்டிருக்கிறது.