பெயரில்லாத விமரிசகர்

பாலசமுத்திரத்தையும் அதனைச் சூழ்ந்த ஆந்திர எல்லைக் கிராமங்களையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில், பட்டப்படிப்பைக் கடந்து ஆராய்ச்சி வரை செல்லத் துணியும் பிள்ளைக்கு முதலில் கண்ணில் படும் கல்வி நகரம் திருப்பதியே ஆகும். 1954-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் அங்கே தோன்றிய காலம் முதல், அதன் புகழும் பழியும் எங்கள் பக்கத்து வீடுகளிலும் பேசப்பட்டு வந்திருக்கின்றன. அப்பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை ஏறக்குறைய 25 சர்வதேச சஞ்சிகைகளில் பிரசுரித்த சுமார் 70 கட்டுரைகள், பிறருடைய ஆய்வுகளைப் பெயர்த்தெழுதியவை, அல்லது நிகழாத சோதனைகளின் அளவீடுகளைச் சுமந்தவை என்ற குற்றச்சாட்டு 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் வெளியாயிற்று.

அந்த விவகாரம் வெளிப்பட்ட விதத்தில் ஊன்றிக் கவனிக்கத் தக்க ஒரு விஷயம் உண்டு. அதனை வெளிக்கொணர்ந்தவர்கள் அயல்நாட்டுச் சஞ்சிகை வட்டாரத்தைச் சேர்ந்த வல்லுநர்கள். தம் பெயரைச் சொல்லிப் பேசுவதனால் அவர்களுடைய பதவிக்கோ பிழைப்புக்கோ ஊறு நேரும் அபாயம் இருக்கவில்லை. ஆனால் பொய்யான கட்டுரை ஒன்று உருவாகும் எந்தச் சோதனைச்சாலையிலும், அதில் கூறப்படும் கருவி அங்கே இல்லை என்பதையும், அந்த அளவீட்டை எவரும் எடுக்கவில்லை என்பதையும் முதலில் உணரும் நிலையில் இருப்பவர் அன்றாடம் அங்கே நின்று வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவரே. அவர் யாரிடம் சொல்வார், எந்தப் பெயரில் சொல்வார் என்று வினவும்போதுதான், தொழில்முறை அறிஞர் சமூகங்களில் பெயரை மறைத்து எழுதும் வழக்கத்தை மதிப்பிடுவதற்கு நமக்குச் சரியான இடம் கிடைக்கிறது.

அவ்வழக்கம் இன்று மிக விரிந்த அளவில் நடைபெறும் இடம், 2012-ஆம் ஆண்டில் இணையத்தில் தொடங்கப்பட்ட ‘பப்பீர்’ என்னும் விமரிசன மன்றம். பிரசுரமாகிவிட்ட எந்த விஞ்ஞானக் கட்டுரையைக் குறித்தும் அங்கே எவரும் ஆட்சேபம் எழுப்பலாம். பெயர் சொல்ல விரும்பாதவருக்கு ஏதோ ஒரு பூச்சியினுடையதோ செடியினுடையதோ ஆன விஞ்ஞானப் பெயர் புனைபெயராக வழங்கப்படும். அதனை நிறுவியவர்களே மூன்றாண்டுகள் தங்களை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் இருந்து, 2015-இல்தான் வெளிப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் பாரிஸில் பணிபுரியும் நரம்பியல் அறிஞர் பிராண்டன் ஸ்டெல். எழுதுபவர் யார் என்று கேட்காத இந்த மன்றம், எழுதப்படும் பொருளில் ஒரு கண்டிப்பை வைத்திருக்கிறது: எவரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடிய, பகிரங்கமாகக் கிடைக்கும் ஆதாரத்தின் மீது மட்டுமே ஆட்சேபம் நிற்க வேண்டும், கட்டுரையாசிரியரின் உள்நோக்கத்தைப் பற்றிய ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

இந்தக் கண்டிப்பில்தான் அவ்வழக்கத்தின் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரே படம் இருவேறு சோதனைகளின் முடிவாக இரண்டு இடங்களில் அச்சிடப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், சுட்டிய விரல் நோபல் பரிசு பெற்றவருடையதா, முதலாண்டு மாணவருடையதா என்பது அந்த உண்மையை இம்மியும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. படங்கள் இரண்டும் வாசகரின் கண் முன்னே கிடக்கின்றன. பெங்களூருவில் உள்ள உயிரியல் விஞ்ஞானங்களுக்கான தேசிய மையத்திலிருந்து 2020-இல் வெளியான கட்டுரை ஒன்றின் படங்களைப் பற்றி இம்மன்றத்தில் ஐயங்கள் எழுப்பப்பட்டன. எழுப்பியவரின் குலம் கோத்திரம் விசாரிக்காமல் எழுப்பப்பட்ட ஐயத்தை விசாரிப்பது என்ற நேரிய வழி கைக்கொள்ளப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் நடுவில் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒரு ஸ்தாபனத்தின் கௌரவம் இவ்வாறு தவற்றை ஒப்புக்கொள்வதனால் குன்றியதாக நான் கருதவில்லை.

இனி, பெயரை மறைக்க நேர்வது ஏன் என்று பார்ப்போம். கோழைத்தனத்தின் அடையாளமே அது என்று மேடைகளில் கடிந்து பேசும் மூத்த பேராசிரியர்கள், நம் நாட்டு ஆராய்ச்சி மாணவரின் வாழ்க்கை எத்தனை கயிறுகளால் ஒரே தூணில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். உதவித்தொகைக்கான மாதாந்தரச் சான்றில் கையெழுத்திடுபவர் வழிகாட்டிப் பேராசிரியர். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையை அங்கீகரிப்பவர் அவர். ஆய்வேடு சமர்ப்பிக்கத் தகுதி பெற்றுவிட்டது என்று எழுதித் தர வேண்டியவர் அவர். பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிபாரிசுக் கடிதம் தர வேண்டியவரும் அவரே. ஐந்தாறு ஆண்டு உழைப்பை ஒருவரது அதிருப்தி ஒரே நாளில் வீணாக்கிவிட முடியும் என்ற நிலையில், அதிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையாகவோ, துறையில் தனித்து நிற்கும் பெண்ணாகவோ அம்மாணவர் இருக்குமிடத்து, பெயரைச் சொல்லிப் பேசு என்று அவருக்குக் கூறும் உபதேசம், பேசாதே என்று கூறுவதற்கு ஒப்பானது.

பெயரைக் கொடுத்ததனால் நேர்ந்ததற்கு இந்தியா மறக்கலாகாத உதாரணம் ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணிகளில் தாம் கண்ட ஊழலைப் பிரதமருக்கு எழுதியபோது, கடிதத்தில் கையொப்பமிடவில்லை. ஆயினும், பெயரில்லாக் கடிதத்தை மதிக்க மாட்டார்களே என்ற எண்ணத்தால் தம்மைப் பற்றிய விவரத்தைத் தனித்தாளில் இணைத்து, அதனை ரகசியமாகக் காக்குமாறு வேண்டிக்கொண்டார். அந்தக் கோரிக்கை காக்கப்படவில்லை. அவருடைய பெயர் அலுவலகம் அலுவலகமாகப் பயணம் செய்தது. 2003-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கும் கடிதத்துக்கும் இருந்த தொடர்பைப் பற்றி வழக்கு மன்றத்தில் நிலைத்த முடிவு எதுவாயினும், ரகசியமாக ஒப்படைத்த பெயரை அரசாங்கம் காக்கவில்லை என்ற குற்றம் அழியாது.

இவ்வளவும் கூறிய பின், அநாமதேய எழுத்தின் குறைகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எங்கள் பக்கத்துத் தெலுங்கர்கள் ஆகாசராமன்னக் கடிதம் என்றும் நாம் மொட்டைக் கடிதம் என்றும் அழைக்கும் பழைய வழக்கத்தை அறியாத அலுவலகம் நாட்டில் இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் சமயம் பார்த்து அக்கடிதங்கள் பெருகுவதையும், அவற்றில் கணக்கைவிடக் கற்பு பற்றிய அவதூறு மிகுந்திருப்பதையும் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது அதன் விஷமும் உடன் சென்றது. அஞ்சற்கடிதம் கோப்பில் புதைந்து போகும், இணையக் குறிப்போ என்றென்றைக்கும் தேடுவோர் கைக்கு எட்டும். ஒரு கட்டுரையில் பத்துப் பேர் பெயர் இருக்க, ஒருவர் செய்த தவறு ஒன்பது பேர் மீதும் படிகிறது. எழுதியவர் அந்த ஆய்வில் போட்டியாளரா, நிதிக்கு எதிர்மனு செய்தவரா என்பது தெரியாதபோது, அவருடைய ஆட்சேபத்தில் எந்தப் பகுதி தேர்ந்தெடுத்துச் சொல்லப்பட்டது, எந்தப் பகுதி விட்டுவிடப்பட்டது என்று நிறுத்துப் பார்க்கும் வழியும் வாசகருக்கு இல்லை.

ஜப்பானில் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ சஞ்சிகை வெளியிட்ட ‘ஸ்டாப்’ எனப் பெயரிடப்பட்ட உயிரணுக்களைப் பற்றிய கட்டுரைகளில் படங்கள் மாற்றப்பட்டிருப்பதைப் பெயரற்ற விமரிசகர்கள் சில வாரங்களில் கண்டு கூறினார்கள். அது சரியான கண்டனமே. ஜூலையில் அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் ஆகஸ்டில், கூட்டாசிரியர்களுள் ஒருவரான புகழ்பெற்ற உயிரியலறிஞர் யோஷிகி ஸஸாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தின் பொறுப்பை இணைய விமரிசகர்கள் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். பத்திரிகைகளின் வேட்டையும் அதில் சேர்ந்திருந்தது. எனினும், படம் தவறு என்று கூறுவதற்கும் மனிதர் அயோக்கியர் என்று கூறுவதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டம் எவ்வளவு விரைவில் கடந்துவிடுகிறது என்பதை அவ்வாண்டு உலகம் கண்டது.

ஆதலின் நான் கொள்ளும் அளவுகோல் இது: எழுதப்பட்டது தன் ஆதாரத்தைத் தன்னுடனேயே கொண்டிருக்கிறதா, அல்லது எழுதியவரின் சொல்லை நம்பச் சொல்கிறதா? முன்னதற்குப் பெயர் வேண்டியதில்லை. பின்னதில் பெயரே ஆதாரத்தின் பாதி; சாட்சி தம்மை மறைத்துக்கொள்ளும்போது சாட்சியமும் உடன் மறைந்துவிடுகிறது. இரட்டிப்பாக அச்சான படம் முதல் வகை. என் உழைப்புக்கு வேறொருவர் பெயர் போட்டார், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதச் சொன்னார் என்பவை இரண்டாம் வகை.

நம் அரசாங்கத்தின் விதிகள் இந்த வேற்றுமையை ஒருபோதும் நிதானமாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-இல் அநாமதேயப் புகார்கள் மீது நடவடிக்கை கூடாது என்றது; சரிபார்க்கத்தக்க விவரம் இருந்தால் விசாரிக்கலாம் என்று 2002-இல் தளர்த்தியது; 2014-இல் அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூன்றில் 2002-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே அறிவுக்குப் பொருந்தியது. அதனைக் கைவிட்டது பெருந்தவறு. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கவென்று 2014-இல் இயற்றப்பட்ட சட்டமும், பெயர் குறிப்பிடாத புகாரை ஏற்பதற்கில்லை என்கிறது. துபேயின் மரணம் எழுப்பிய கொதிப்பில் பிறந்த முயற்சிகளின் முடிவு இவ்வாறாயிற்று. இதற்கு மாறாக, மிச்சிகன் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பேராசிரியர் தம்மை விமரிசித்த பப்பீர் எழுத்தாளர்களின் அடையாளத்தைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களுடைய பெயரின்மையை 2016 டிசம்பரில் காத்துத் தீர்ப்பளித்தது. பெயர் சொல்லி எழுதுவோருக்கும் பாதுகாப்பு உறுதியில்லை: போலிப் படங்களைக் கண்டறிவதில் உலகப் பிரசித்தி பெற்ற எலிசபெத் பிக் மீது 2021-இல் பிரான்சின் மார்சேய் நகரில் சட்டப் புகார் கொடுக்கப்பட்டது.

இரண்டாம் வகைப் புகாருக்கு வேண்டியது, பெயரை அறிந்தும் வெளியிடாத நம்பிக்கைக்குரிய ஒருவர். நம்மிடம் இருப்பதோ பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 60-க்கு மேற்பட்டால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து என்று எழுத்துத் திருட்டுக்கு நுணுக்கமாகப் படி வகுத்த அவ்விதிகள், புனைந்த அளவீட்டைப் பற்றிப் பேசவில்லை. புகாரை முதலில் ஏற்க வேண்டிய துறைக் குழுவுக்கோ, அத்துறைத் தலைவரையே தலைவராக அமர்த்தின. பல துறைகளில் துறைத் தலைவரும் வழிகாட்டிப் பேராசிரியரும் ஒருவரே, இல்லையேல் இருபது ஆண்டுக் கால சகாக்கள். அந்த நாற்காலியில் வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, இந்தத் துறையில் எவருக்கும் கடன்படாத ஒருவரை உட்காரவைப்பதற்குப் பெரும் செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும். அது மாறாதவரை, பெயரை மறைத்து எழுதும் மாணவரைக் குறை கூறும் தகுதி அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இல்லை.