மேடையில் ஏறிய பெண்ணும் இடாப்பில் இல்லாத பெண்ணும்

தேர்தல் மேடைப் பேச்சை இலக்கியமாகக் கொள்வார் இலர். ஆயினும் நாவலும் கவிதையும் எட்டாத இலட்சக்கணக்கான மக்களின் செவிகளை அது எட்டுகின்றது, கதைமாந்தரைப் படைக்கின்றது, அவர்களுக்காகக் கண்ணீர் விடவும் வைக்கின்றது. இலக்கியம் மக்கள் மனத்தை உருவாக்குகின்றது என்று நம்பும் நாம், இந்த மேடை மொழியையும் விமர்சனத்துக்கு உட்படுத்துதல் தகும். நமது நாட்டுத் தேர்தல் மேடை படைத்த பாத்திரங்களுள் யாவற்றிலும் வெற்றி பெற்றது, 1960ஆம் ஆண்டின் வெள்ளைச் சேலை உடுத்த விதவைதான்.

1959 செப்ரெம்பரில் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சிலும் யூலையிலும் இரு பொதுத் தேர்தல்கள் நடந்தன. அவருடைய மனைவி சிறிமாவோ மேடையேறினார். கொல்லப்பட்டவரின் குரல் ஒலிப்பதிவு நாடாவிலிருந்து கூட்டங்களில் ஒலித்தது. அருகே மனைவி நின்றார். எதிர்க்கட்சியினர் அவரை ‘அழும் விதவை’ என எள்ளினர். எள்ளியவர்களும் ஏத்தியவர்களும் ஒரே பாத்திரத்தையே கண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவருடைய வேலைத்திட்டம் யாது, அவர் எந்த வர்க்கத்தின் பிரதிநிதி என்ற வினாக்கள் இரு சாராருக்கும் தேவைப்படவில்லை. யூலைத் தேர்தலில் அவருடைய கட்சி 75 ஆசனங்களை வென்றது. எந்தத் தொகுதியிலும் போட்டியிடாத அவர், செனற் சபை வழியாக 21ஆந் திகதி உலகின் முதற் பெண் பிரதம மந்திரியானார். இத்தகைய ஒருவரை எச்சொல்லாற் குறிப்பது என்று இலண்டன் பத்திரிகை ஒன்று திகைத்து எழுதிற்று.

அதே யூலைத் தேர்தலில் வேறொரு பிரசாரமும் நடந்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியுடன் இரகசிய உடன்பாடு செய்து நாட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று ஐக்கிய தேசியக் கட்சி முழங்கிற்று. 1965இல் அதே குற்றச்சாட்டைச் சுதந்திரக் கட்சி ஐக்கிய தேசியக் கட்சியின் மீது சுமத்திற்று. வசனம் ஒன்றே, நடிகர்கள்தாம் இடம் மாறினர்.

விதவை பற்றிய பேச்சும் தமிழர் பற்றிய பேச்சும் தனித்தனியானவை என எண்ணுதல் தவறு. ‘தேசத்தின் தாய்’ என்றவுடன், அவளுடைய பிள்ளைகள் யாவர் என்ற கேள்வி எழுகின்றது. மேடை காட்டிய வீடு சிங்கள பௌத்த வீடு. அவ்வீட்டைக் கெடுக்க வாசலில் ஒருவன் நிற்கின்றான் என்ற அச்சம் ஊட்டப்பட்டபோதே தாயின் கண்ணீருக்கு முழு வலிமையும் கிடைத்தது. இனமும் பால் வேறுபாடும் ஒரே கதையின் இரு அங்கங்களாகவே அங்கு தொழிற்பட்டன.

அந்த 1960 யூலையில் மலைநாட்டிலே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண் எங்கே நின்றாள்? நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதியைத் தேயிலை ஈட்டிய காலம் அது. உலகமே இலங்கைப் பெண்ணின் உயர்வைக் கண்டு வியந்த அத்தேர்தலில், தோட்டப் பெண்களுட் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

இதன் வரலாறு சற்றுப் பின்னே செல்கின்றது. 1920களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு சாட்சியம் கேட்டபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அதன்முன் தோன்றினார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்கின்றீர்களா என்று அவரிடம் வினவப்பட்டது. நிச்சயமாக, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். கண்டியின் மேல்தட்டைச் சேர்ந்த பறங்கிப் பெண்மணி ஒருவர், எதிர்பாராத வினாவொன்றுக்குத் தயக்கமின்றித் தந்த விடை அது. அதே காலத்தில் நம்மவராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்களிப்பதை எதிர்த்து நின்றார். அவருக்குச் சிலை வைத்தோர் இதனைப் பீடத்திற் பொறித்ததில்லை.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டபோதிலும், அவர்களுள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. ஆளும் வர்க்கம் கண்ட ஆபத்து இதுவே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்கைப் பறித்தன. கணக்கின் கொடுமையைப் பாருங்கள்: 1946இல் தொகுதிகளை வகுத்தபோது தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. 1952இலும் 1956இலும் அதே தொகுதிகளில் தேர்தல் நடந்தபோது அத்தலைகளுக்கு வாக்கு இருக்கவில்லை. அவர்களுடைய எண்ணிக்கை பிறருடைய வாக்கின் பெறுமதியை உயர்த்திற்று.

பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. இன்றும் நாம் பெருமையுடன் நினைவுகூர்வது அது. ஆனால் 1964இல் நிகழ்ந்ததை அப்பெருமையாற் போர்த்துவிட இயலாது. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போமென விட்டது. பங்கிடப்பட்டவர்களுள் எவளிடமும் எவனிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. கையொப்பமிட்டவர் பெண் பிரதம மந்திரி. அவருடைய மந்திரிசபையில் அப்போது சமசமாஜத் தலைவர்கள் இருந்தனர். இலங்கைப் பிரஜைகளாகப் போகின்றவர்களையும் தனி வாக்காளர் இடாப்பில் ஒதுக்கும் யோசனைகூட அவ்வரசிடம் இருந்தது.

1966 ஜனவரி 8ஆந் திகதி தமிழ்மொழி விசேட விதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த கிளர்ச்சியில் சுதந்திரக் கட்சியுடன் இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்பது அக்காலத்துக் கோஷம். ஓர் இனத்தின் உணவைச் சொல்லி நகைப்பதற்குத் தொழிலாளி வர்க்கத்தின் ஊர்வலம் எதற்கு? அந்த வடையைச் சுட்ட கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை என்பதை எண்ணிப் பார்த்தவர் அன்று யாரேனும் இருந்தனரா என்பதும் ஐயமே.

நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் மறுப்புரைப்பர். பெண்ணொருத்தி பிரதம மந்திரியானது முன்னேற்றம் அன்றோ என்பர். முன்னேற்றமே, கிராமத்துச் சிறுமி ஒருத்தி அதனைக் கண்டு தலைநிமிர்ந்திருப்பாள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சமசமாஜக் கட்சியின் புளோரன்ஸ் சேனநாயக்க 1947இலேயே கிரியெல்லவிலிருந்து பாராளுமன்றம் சென்றிருந்தார் என்பது ஏன் எவர் நினைவிலும் இல்லை? கட்சியின் வேலைத்திட்டத்தோடு வந்த பெண்ணைவிடக் கணவனின் குரலோடு வந்த பெண்ணையே மேடை விரும்பிற்று.

அவ்விருப்பம் நீடித்தது. 1994 அக்டோபரில் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டதும், அரசியல் அனுபவமற்ற அவருடைய மனைவி ஸ்ரீமாவை ஐக்கிய தேசியக் கட்சி நிறுத்திற்று. எதிரே நின்ற சந்திரிகாவும் கணவனைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். கட்சிகள் தம் பெண்களை அடையாளங்கண்ட முறை மாறவில்லை. எனினும் அத்தேர்தலில் சந்திரிகா சமாதானம் பேசினார். வாக்களித்த தமிழருட் பெரும்பாலானோர் அவரை ஆதரித்தனர். விதவை என்ற வேடத்தால் மட்டும் அவ்வாதரவை விளக்க முடியாது.

மலையக மக்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவு செய்யப்பட்டனர். மலையகப் பெண்கள் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றது அதுவே முதன்முறை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் நான் படித்த சிலவற்றில் ‘மலையகத்தின் மகள்’ என்ற தொடர் தென்பட்டது. தோட்டச் சம்பளத்தைப் பற்றி அவர்கள் யாது சொன்னார்கள் என்பதை அவற்றில் தேடினேன், கிடைக்கவில்லை.