300 வினாக்கள் அளக்காதவை

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியர் இங்கே பதிவு பெற வேண்டுமானால், தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதிகாண் தேர்வில் 300 கொள்குறி வினாக்களுக்கு 150 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2002இல் தொடங்கியது. முன்னாள் சோவியத் நாடுகளில் பெற்ற பட்டங்களை எவ்வாறு ஏற்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற காலத்தில் பிறந்த இத்தேர்வு, கல்லூரியின் பெயரை நம்பாமல் பட்டதாரியின் அறிவைச் சோதித்த வகையில் தேவையான காப்பாகும். பல தேர்வுகளில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் உள்நாட்டுப் பட்டதாரிகள் எழுதாத தேர்வாதலால், அந்த எண்ணை ஒப்பிட்டு நிறுக்க வழியில்லை.

2021 நவம்பர் 18இல் வந்த விதிகள் இன்னும் கூர்மையானவை. 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி ஆகியவற்றோடு, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் உரிமையை அப்பட்டம் தர வேண்டும் என்றும் அவை கேட்டன. தன் நாட்டில் செல்லாத பட்டத்தை இந்திய மாணவருக்கு மட்டும் விற்கும் வணிகத்தை அடைத்த இந்தக் கடைசி நிபந்தனையே அவற்றுள் சிறந்தது.

குறை வேறிடத்தில் உள்ளது. மத்திகிரியைச் சுற்றியுள்ள ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கி வரும் தொழிலாளி தமிழோ தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசக்கூடும். அவரிடம் நடந்ததைக் கேட்டறிந்து, குருதியை நிறுத்தி, உரிய இடத்துக்கு அனுப்பும் திறனைக் கொள்குறி வினா அளப்பதில்லை. பிரிட்டனின் பிளாப் தேர்வு இரண்டாம் கட்டத்தில் இதைத்தான் நேரில் சோதிக்கிறது. அமெரிக்கா இத்தகைய நேர்முகச் சோதனையை 2021இல் கைவிட்டதென்றாலும், அங்கே மேற்பார்வையில் பல்லாண்டு பணியாற்றும் ரெசிடென்சி அந்த இடத்தை ஈடுசெய்கிறது.

இந்தியாவில் அச்சுமை முழுவதும் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும், துறைதோறும் சுழன்று செய்யும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியின் மேல் விழுகிறது. பெருந்தொற்றால் செய்முறைப் பயிற்சியை இணையவழியில் முடித்த, சீனாவில் படித்த மாணவி தமிழ்நாட்டில் தற்காலிகப் பதிவு கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அளித்த சலுகையை 2022 ஏப்ரல் 29இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. நோயாளியைத் தொடாமல் பெற்ற பயிற்சி பயிற்சியாகாது என்ற அதன் கருத்து சரியானது. எனினும் அதே 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், ஒரு கல்லூரியின் இடங்களில் 7.5 விழுக்காடு வரையே வெளிநாட்டில் படித்தவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கலாம் என வரம்பிட்டது. 100 இடமுள்ள கல்லூரியில் ஏழெட்டுப் பேருக்கு மேல் இடமில்லை. கையால் கற்க வேண்டும் என வலியுறுத்திவிட்டு, கற்கும் படுக்கைகளைச் சுருக்குவது முரண். தொழிற்சாலைக் காயங்கள் ஓயாமல் வரும் ஓசூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளை, மூத்த மருத்துவரின் கண்காணிப்போடு, பயிற்சிக் களமாக்குவதே அறிவுடைமை.

பதிவு செய்யும் மாநில கவுன்சில்களிலும் ஓட்டை உண்டு: தேர்வில் தேறாமலே 73 பேர் பதிவு பெற்றதாக 14 மாநில கவுன்சில்களையும் சேர்த்து 2022 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. உள்நாட்டில் படித்தோர், வெளிநாட்டில் படித்தோர் ஆகிய இரு தரப்பினரும் எழுதும், இரண்டாம் கட்டத்தில் செய்முறையையும் சோதிக்கும் நெக்ஸ்ட் தேர்வுக்கு 2023இல் விதிகள் வந்தும், அது உடனே தள்ளிவைக்கப்பட்டது. ஒப்பீடு இல்லாத குறையும் செய்முறை இல்லாத குறையும் அதனால் அப்படியே நிற்கின்றன.