ஆட்டத்தை முடிப்பது யார்?

ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைட் ஆட்டத்தின் பலகையில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மயாமிக்குத் தெற்கோரமாக ஒரு வழி போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ்–எல் பாசோ கறுப்பில் 6 பெட்டி, எல் பாசோ–ஹூஸ்டன் பச்சையில் 6, ஹூஸ்டன்–நியூ ஆர்லியன்ஸ் எந்த நிறத்திலும் 2, நியூ ஆர்லியன்ஸ்–மயாமி சிவப்பில் 6. பாதை போட்டதற்கு மட்டும் 15, 15, 2, 15 என்று 47 புள்ளி. அவ்விரு ஊர்களையும் இணைக்கச் சொல்லும் லாஸ் ஏஞ்சலிஸ்–மயாமி டிக்கெட்டும் கையில் இருந்தால் இன்னொரு 20. ஆக 67. இதை ஒருவர் முடித்துவிட்டால் மேஜையே அந்த 67-ஐப் பார்த்து மலைத்துப்போகிறது. மற்றவர்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அவருடைய 45 பெட்டிகளில் 20 தீர்ந்துவிட்டது. ஒருவரிடம் இரண்டு பெட்டியோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் எல்லாருக்கும் இன்னும் ஒரே ஒரு முறைதான். அந்த நேரத்தைக் குறிப்பவர் இனி அவர்தான்.

எனக்குப் பிடித்த நவீன போர்டு கேம்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், எல்லாவற்றிலும் நான் ரசிப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஆட்டம் எப்போது முடியும், அதை முடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? புள்ளி எப்படிச் சேர்ப்பது என்று எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். முடிவை யார் கட்டுப்படுத்துகிறார் என்று பார்க்கப் பழகியவர்தான் அடிக்கடி ஜெயிக்கிறார்.

ஆலன் ஆர். மூன் 2004-இல் தந்த டிக்கெட் டு ரைடில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒரு முறைக்கு இரண்டு சீட்டு எடுக்கலாம், அல்லது ஒரு பாதை போடலாம். 6 பெட்டிப் பாதைக்குச் சீட்டு சேர்க்க 3 முறை, போட 1 முறை. 4 முறைக்கு 15 புள்ளி என்றால் முறைக்கு 3.75. 3 பெட்டிப் பாதைக்குச் சராசரியாக இரண்டரை முறை, 4 புள்ளி; முறைக்கு 1.6. ஒற்றைப் பெட்டிப் பாதை இன்னும் மோசம். இது வரை பலருக்கும் தெரிந்ததுதான். பெட்டிக் கணக்கைப் பாருங்கள். நீளப் பாதைக்காரர் முறைக்கு ஒன்றரைப் பெட்டி இறக்குகிறார், மூன்று மூன்றாகப் போடுபவர் 1.2. முன்னவருக்கு 45 பெட்டியும் தீர ஏறக்குறைய 30 முறை, பின்னவருக்கு 37-க்கும் மேல். அதிகப் புள்ளி எடுப்பவரே ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பவராகவும் இருக்கிறார். அந்த ஏழு முறையை நம்பி எதிரில் இருப்பவர் 22 புள்ளி சியாட்டில்–நியூயார்க் டிக்கெட்டை வைத்திருந்தால், அது முடியாமல் போய் 22 கழியும். வரவேண்டிய 22-உம் போச்சு, வித்தியாசம் 44. நன்றாக ஆடியும் தோற்றுவிட்டதாக அவர் நினைப்பார். அவர் எதிராளியின் பெட்டிக் குவியலை எண்ணவில்லை, அவ்வளவுதான். ஆட்டத்தின் நடுவிலிருந்தே ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புது டிக்கெட் எடுக்கிறவரை வீழ்த்துவது கடினம்.

கட்டானில் முடிக்கும் உரிமை எல்லாருக்கும் பொது. ஜெர்மனியில் பல் தொழில்நுட்பராக இருந்த கிளவுஸ் டாய்பர் 1995-இல் வெளியிட்ட ஆட்டம் இது. நவீன போர்டு கேமை உலகமெங்கும் கொண்டுபோனதும் இதுதான். 10 புள்ளி எடுத்தவர் தன் முறையில் அறிவித்தால் ஆட்டம் முடிந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் இரண்டு வீடுகளை எங்கே வைப்பது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு பகடையில் 36-க்கு 5 வாய்ப்புள்ள 6-உம் 8-உம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் திரும்பும் இடம் 7 புள்ளி. 8-ஐத் தொட்டவரோடு யாரும் வியாபாரம் பேசமாட்டார்கள். திருடனும் அவர் நிலத்துக்குத்தான் வருவான். கெட்டிக்கார ஆட்டக்காரர் வெளியே 7 மட்டும் தெரியும்படி நின்று, ஒரு புள்ளிச் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு, கட்டையும் செங்கல்லும் சேர்க்கிறார். அடுத்த முறையில் பக்கத்து ஆளிடமிருந்து நீளச் சாலையைப் பறித்தால் இரண்டு புள்ளி, மறைத்த சீட்டால் ஒன்று. ஒரே மூச்சில் 7, 10 ஆகிவிடும். வளர்ச்சிச் சீட்டு 25-இல் புள்ளிச் சீட்டு 5 மட்டுமே. ஒருவர் வாங்கிய சீட்டை வெகுநேரம் ஆடாமல் வைத்திருந்தால் அது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. அவருக்குச் செங்கல் விற்கலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம் அது.

இருவர் மட்டும் உட்காருவதானால் நான் எடுப்பது அசூல்தான். மைக்கேல் கீஸ்லிங் உருவாக்கியது. 2018-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருது பெற்றது. ஐந்து தட்டுகளில் நான்கு நான்காக ஓடுகள். ஒரு தட்டில் ஒரு நிறத்தை முழுக்க எடுத்துக்கொண்டு மீதியை நடுவில் தள்ள வேண்டும். சுவரில் யாராவது ஒரு கிடைவரிசையில் ஐந்து ஓடும் பதித்துவிட்டால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிந்தது. முழுக் கிடைவரிசைக்கு 2 புள்ளி, செங்குத்து வரிசைக்கு 7, ஒரு நிறம் ஐந்தும் சேர்ந்தால் 10. ஆட்டத்தை முடிக்கும் செயலுக்குத்தான் மிகக் குறைந்த கூலி! மேல் வரிசைக்குச் சுற்றுக்கு ஒரே ஒரு ஓடு போதும், ஐந்து சுற்றில் நிரம்பிவிடும். செங்குத்து வரிசைக்கோ மேலிருந்து கீழாக 1, 2, 3, 4, 5 என்று 15 ஓடு சேர்க்க வேண்டும். முன்னால் இருப்பவர் மேல் வரிசையை ஓட்டுகிறார், பின்தங்கியவர் இன்னொரு சுற்றுக்கு ஏங்குகிறார்.

அண்மையில் ஆடிய ஓர் ஆட்டத்தின் ஐந்தாவது சுற்று. எதிரில் இருந்த தோழிக்கு மேல் வரிசையில் நான்கு ஓடு பதிந்திருந்தது, பாக்கி நீலம். எனக்குச் செங்குத்து வரிசை முடிய இன்னும் ஒரு சுற்று வேண்டும். ஒரு தட்டில் தனி நீலம் இருந்ததை நான் எடுத்துவிட்டேன். மற்ற தட்டுகளில் நீலம் இருந்த இடத்திலெல்லாம் வேறு நிறத்தை எடுத்து நீலத்தை நடுவில் தள்ளினேன். மூன்று நீலம் சேர்ந்தது. எடுத்தால் மூன்றையும் எடுக்க வேண்டும். மேல் வரிசை ஒன்றைத்தான் ஏற்கும், மற்ற இரண்டும் தரையில் விழுந்து புள்ளியைத் தின்னும். அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு மூன்றையும் எடுத்தார். இரண்டு புள்ளி இழந்தாலும் ஆட்டம் அந்தச் சுற்றோடு முடிந்தது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த இரண்டு புள்ளிக்கு அவர் வாங்கியது என் ஆறாவது சுற்றை. அவ்வளவு துல்லியமான ஆட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஊவே ரோசன்பெர்க்கின் விவசாய ஆட்டமான அக்ரிகோலாவில் (2007) முடிவு யார் கையிலும் இல்லை. 14 சுற்று, அவ்வளவுதான். அறுவடை 4, 7, 9, 11, 13, 14-ஆம் சுற்றுகளின் முடிவில். இடைவெளி குறுகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். ஒவ்வோர் அறுவடையிலும் குடும்பத்தில் ஆளுக்கு 2 உணவு. குறைந்தால் பிச்சைச் சீட்டு, ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி கழியும். பிள்ளை பெற்றால் சுற்றுக்கு ஒரு வேலை கூடும், கூடவே பசியும். கனமான ஆட்டம், ஆனால் நேரத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கையாளும் வேறொன்றை நான் ஆடியதில்லை.

மேட் லீகாக்கின் பேண்டமிக்கில் (2008) எதிராளியே கிடையாது. எல்லாரும் ஒரே அணி, கடிகாரம் சீட்டுக்கட்டு. முறைக்கு இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், எடுக்க இல்லையென்றால் தோல்வி. பலகையின் 48 நகரங்களில் சென்னையும் ஒன்று. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என ஐந்து ஊர்களோடு இணைப்பு. சென்னையில் நோயைக் குறிக்கும் மூன்று கட்டை இருக்கும்போது நான்காவது வந்தால் ஐந்து ஊருக்கும் பரவும். கொள்ளைநோய்ச் சீட்டு வந்தாலோ, ஏற்கெனவே தொற்று வந்த ஊர்களின் சீட்டுகளைக் கலைத்துத் தொற்றுக் கட்டின் மேலேயே வைக்க வேண்டும். அடிபட்ட ஊரே மறுபடி அடிபடும். புதியவர்கள் பதறி ஓடிப்போய்க் கட்டையைத் துடைக்கிறார்கள். நான்கு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்த கணமே வெற்றி, பலகையில் எத்தனை கட்டை கிடந்தாலும் பொருட்டில்லை. மருந்துக்கு ஒரே நிறத்தில் ஐந்து சீட்டு. சென்னைச் சீட்டைக் கைமாற்ற இருவரும் சென்னையில் இருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஆள் கிளம்ப வேண்டும். கட்டில் பத்துப் பன்னிரண்டு சீட்டு மிஞ்சியிருக்கும்போது இரண்டு மருந்து பாக்கியென்றால், மீதமிருப்பது ஐந்தாறு முறை. நோய் வெடித்துச் சிதறுவதை எட்டாவது முறை தொடாதவரை தாங்கிக்கொண்டு, துடைப்பதை நிறுத்தி எல்லாரும் சீட்டு சேர்க்க ஓடுகிற அணிதான் அங்கிருந்து கரையேறுகிறது.