மன்னர் பெயரில் காலம், வள்ளல் பெயரில் பாட்டு

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குக் காலப் பகுப்பு ஒரு மனப்பாடப் பாடம். எலிசபெத் காலம், முடியாட்சி மீண்ட காலம், விக்டோரியா காலம் என்று அரியணையை ஒட்டியே ஏடு புரளும். ரொமான்டிக் காலம் மட்டும் விதிவிலக்கு. 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதியை அதற்கு வாசற்படியாக வைப்பார்கள். இந்த ஏற்பாட்டில் வசதி உண்டு, ஓட்டையும் உண்டு. எலிசபெத் அரசி மறைந்தது 1603இல். 'லியர் அரச'னும் 'மாக்பெத்'தும் அதற்குப் பின் வந்தவை. அப்போது ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்கே ஜேம்ஸ் மன்னர்தான் புரவலர். ஆனாலும் அவரை எலிசபெத் காலத்துக் கவி என்றுதான் விடைத்தாளில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' வெளிவந்தது 1667இல். முடியாட்சி மீண்டு ஏழாண்டு ஆகியிருந்தது; அந்த அரண்மனைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தமிழுக்கு இப்படியொரு வரலாற்றை 1904இல் ஆங்கிலத்திலேயே எழுதிய மு.சி. பூரணலிங்கம் பிள்ளை, ஆங்கிலப் பேராசிரியர். அவர் அரசர்களை அப்படியே பின்பற்றவில்லை என்பதுதான் வியப்பு. சங்க காலத்துக்கு அடுத்துப் பௌத்த சமண காலம், சமய எழுச்சிக் காலம், மடங்களின் காலம் என்று யார் எழுதுவித்தார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதைப் பார்த்தார். 1951இல் இலங்கையில் வி. செல்வநாயகம் எழுதிய வரலாறுதான் பல்லவர், சோழர், நாயக்கர், ஐரோப்பியர் என்ற வரிசையை மாணவர் நாவில் நிறுத்தியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துச் சதாசிவ பண்டாரத்தார் கல்வெட்டை உரைகல்லாகக் கொண்டார். மு. அருணாசலம் பெயர்ச்சண்டையே வேண்டாம் என்று நூற்றாண்டுக்கு நூற்றாண்டு தனித்தனியாக எழுதினார். என் வாக்கு அருணாசலத்துக்கு. ஆனால் ஒன்று, அவருடைய முறைக்கும் புலவர் எந்த நூற்றாண்டு என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் கம்பனைக் கொண்டாடும் செட்டிநாட்டுக்குச் சிக்கல். காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கி விழா எடுத்தார். பங்குனி மகம், பூரம், உத்தரம் மூன்று நாளும் காரைக்குடியில் நடத்திவிட்டு, அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டைக்குப் போவது மரபு. அத்தம் எங்கிருந்து வந்தது? கம்பனின் இராமாவதாரம் அரங்கேறிய நாளைச் சொல்லும் தனிப்பாடல் ஒன்றிலிருந்து. அதே பாடல் ஆண்டையும் சொல்கிறது: சகம் 807, அதாவது கி.பி. 885. நாளை ஏற்று விழா எடுக்கிறோம். ஆண்டை மட்டும் ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லை.

ஏற்காதவர்களில் முதன்மையானவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சொல்லாட்சி, இலக்கண வழக்கு, ஒரு நூல் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொண்ட கடன் இவையே அவருடைய அளவுகோல்கள். சீவக சிந்தாமணியின் சாயல் கம்பனில் அழுத்தமாக விழுந்திருக்கிறது. சிந்தாமணிக்குப் பிந்தியவன் என்றால் ஒன்பதாம் நூற்றாண்டு நிற்காது. அவர் கம்பனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். காவியத்தில் ஓரிடத்தில் வரும் 'தியாகமா விநோதன்' என்ற பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது எந்தச் சோழன் என்று தேடியவர்களும் உண்டு. இதில் ஒரு சுவை. வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் பேராசிரியராக இருந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, செட்டிநாட்டுக் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் கொடுத்த ஒரு லட்ச ரூபாயில் அமைந்தது. அழகப்பரோ ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர்.

எந்த நூற்றாண்டில் வைத்தாலும் கம்பனைச் சோழர் காலம் என்ற பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஆனால் அவன் பாட்டில் திரும்பத் திரும்ப நன்றியோடு நினைப்பது திருவெண்ணெய்நல்லூர் வள்ளல் சடையப்பனை. சோழனோடு பிணங்கி நாட்டை விட்டு வந்து நாட்டரசன்கோட்டையில் மறைந்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை மெய்யோ பொய்யோ, மக்கள் அவனை அரண்மனையோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்பதற்கு அது போதும்.

கடைசிப் பெட்டியான ஐரோப்பியர் காலம் செட்டிநாட்டுக்கு இன்னும் பொருந்தாத சட்டை. மேலைச்சிவபுரிச் சன்மார்க்க சபை 1909இல் எழுந்தது. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917இல் எழுந்தது. 1919இல் பாரதி வந்து தங்கி அச்சங்கத்தைப் பாடினார். சொ. முருகப்பாவின் 'குமரன்', ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்' ஆகிய இதழ்கள், வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' ஆக்கிய பண்டிதமணி கதிரேசச் செட்டியார், பிற்பாடு தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம். இவர்களுக்கு மேல் எந்த அரசனும் இல்லை. ஊர்க்காரர் சந்தாவும் கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர் அனுப்பிய பணமுமே புரவலர். பூரணலிங்கம் பிள்ளை மடங்களுக்குத் தந்த மரியாதையை இந்தச் சபைகளுக்கும் தந்து, 'சங்கங்களின் காலம்' என்று ஓர் அதிகாரம் எழுதலாம்.

அதற்கான சரக்குக்கும் பஞ்சமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, விழா மலர் என்று மற்றவர் வீசியதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. மலர்களில் அச்சான தலைவர் உரையும் நன்கொடைப் பட்டியலும் அங்கே ஆண்டு, ஊர், தொகையோடு கிடைக்கும்.