வாசகர் வட்டம்: எழுச்சியும் ஓய்வும்

வாசகர் வட்டம் சென்னை தியாகராய நகரில் இருந்து இயங்கிய பதிப்பகம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தியும் அவர் கணவர் கிருஷ்ணமூர்த்தியும் 1960களின் நடுவில் தொடங்கினர். உறுப்பினராகச் சேர்ந்த வாசகர்களை நம்பி நூல்களை வெளியிட்டது. 1970களின் பிற்பகுதியில் ஓய்ந்தது.

பின்னணி

அக்காலத்தில் தமிழ் நாவல்கள் பெரும்பாலும் வார இதழ்களில் தொடராக வந்த பிறகே நூலாயின. வாரந்தோறும் ஒரு திருப்பம் தேவைப்பட்டதால் நாவலின் வடிவத்தை இதழின் தேவையே தீர்மானித்தது. வாசகர் வட்டம் நாவலை நேரடியாக நூலாக வெளியிட முன்வந்தது.

நூல்கள்

லா.ச.ராமாமிர்தத்தின் 'புத்ர' (1965), 'அபிதா' (1970), தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966), சா.கந்தசாமியின் 'சாயாவனம்' (1969), நீல.பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970), கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) ஆகியவை இங்கு வெளிவந்தன. சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய பயணநூல் 'நடந்தாய் வாழி காவேரி' (1971), ஈழ, மலேசிய எழுத்துகளைத் தொகுத்த 'அக்கரை இலக்கியம்' (1968) ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

மதிப்பீடு

இந்நாவல்கள் தொடர்கதை வடிவத்துக்கு எளிதில் அடங்காதவை. 'சாயாவனம்' கரும்பாலைக்காக ஒரு காட்டை அழிக்கும் வேலையை மட்டுமே விரிவாகச் சொல்கிறது. அடுத்த வாரத்துக்கான மர்மம் அதில் இல்லை. 'பள்ளிகொண்டபுரம்' ஓரிரு நாட்களுக்குள் ஒரு மனிதனின் முழு வாழ்வையும் நினைவாக விரிக்கிறது. 'அம்மா வந்தாள்' தாயின் பிறழ்வை எடுத்துப் பேசி, வெளிவந்தபோதே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய படைப்புகளைத் துணிந்து அச்சிட்டதே வாசகர் வட்டத்தின் முதன்மையான பங்களிப்பு.

அதன் பலமே அதன் எல்லையாகவும் அமைந்தது. தேர்ந்த வாசகர்களை ஒன்றுசேர்த்ததால் விற்பனையைக் கருதாமல் நூல்களைத் தேர்வுசெய்ய முடிந்தது. ஆனால் சிறிய வட்டத்தையும் நடத்துபவர்களின் தனிப்பட்ட உழைப்பையும் சார்ந்த அமைப்பு, அவர்கள் ஓய்ந்ததும் நின்றுவிடும். அடுத்த தலைமுறை வாசகர்கள் இந்நூல்களைப் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் தேட நேர்ந்தது. 'அம்மா வந்தாள்', 'சாயாவனம்', 'பள்ளிகொண்டபுரம்' ஆகியவற்றைப் பின்னாளில் காலச்சுவடு பதிப்பகம் கிளாசிக் வரிசையில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

பதிப்பகம் நின்ற பின்னும் அது தேர்ந்தெடுத்த நாவல்கள் தமிழின் முக்கியமான நாவல்களாக நிலைபெற்றன. அவ்வகையில் வாசகர் வட்டம் வணிகத்தில் நிலைக்காவிட்டாலும் இலக்கிய ரசனையை உருவாக்குவதில் வெற்றிபெற்ற முயற்சி.